தெரியாதவர்களுக்கான கேள்வி

காலை ஒன்பது மணிக்குக் கேள்வி வரும். ஒன்பது மணி பத்து வினாடிக்கு ஒருவன் விடை போட்டிருப்பான். ஒன்பது ஒன்றுக்கு அவனுக்கு இரண்டு தீச்சுவாலை, ஒரு கைதட்டல், ஒரு ‘கலக்குற மச்சி’. ஒன்பது ஐந்துக்கெல்லாம் கேள்வி செத்துப்போயிருக்கும். சாயங்காலம் ஸ்கோர் பட்டியல் வரும். அதோடு சரி. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அடுத்தது.

நண்பர்களுக்குள் தினமும் ஒரு பொது அறிவுக் கேள்வி போட்டுக்கொள்ளும் இந்தப் பழக்கம், நான் இருக்கும் நான்கு வாட்ஸப் க்ரூப்புகளில் மூன்றில் இருக்கிறது. கல்லூரி க்ரூப், பழைய ஆபீஸ் க்ரூப், புத்தகம் வாசிக்கிறவர்களின் க்ரூப். மூன்றிலும் கேள்வி போடுகிறவர்கள் நல்லவர்கள். தூக்கத்தில் அரைமணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு கேள்வி தயாரிக்கிறார்கள். யாரும் அவர்களுக்குக் காசு கொடுப்பதில்லை. அவர்கள்மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனாலும் இந்தக் கட்டுரை அவர்களுக்கு எதிரானதுதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கேள்வி நல்ல கேள்வியா என்பதை, விடை தெரிந்தவனுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்து முடிவு செய்யக்கூடாது. விடை தெரியாதவனுக்கு என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு பேர் இருக்கும் க்ரூப்பில் ஒருவனுக்கு விடை தெரியும், பதினோரு பேருக்குத் தெரியாது. அந்தப் பதினோரு பேரையும் சும்மா உட்கார வைத்துவிடுகிற கேள்வி, எவ்வளவு அரிய தகவலை வைத்திருந்தாலும், நண்பர்களிடம் கேட்கத் தகுந்ததல்ல.

*

பள்ளிக்கூடத் தமிழ் இலக்கணத்தில் ‘வினா ஆறு வகைப்படும்’ என்று ஒரு பாடம் வரும். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த கையோடு நாம் மறந்துவிட்ட பாடம். பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலில் வகுத்தது. அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா.

இந்தப் பட்டியலில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், கேள்வியை அதன் சொற்களை வைத்துப் பிரிக்காமல் கேட்பவரின் மனசை வைத்துப் பிரித்திருப்பது. ‘அரிசி இருக்கா?’ என்ற ஒரே வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் கேட்டால் அது கொளல் வினா, வாங்குவதற்காகக் கேட்பது. வெள்ளம் வந்த நாளில் பக்கத்து வீட்டில் போய், இல்லையென்றால் கொஞ்சம் தரலாம் என்று கேட்டால் கொடை வினா. டப்பாவில் இருக்கிறதா என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டால் அறியா வினா. இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் தோன்றி, ‘இருக்கா, தீந்துபோச்சா?’ என்று கேட்டால் ஐய வினா. ‘இல்லைனு தெரியுதுல்ல, போய் வாங்கிட்டு வா’ என்பதைத்தான் அம்மா ‘அரிசி இருக்கா?’ என்று கேட்கிறார் என்றால் அது ஏவல் வினா.

மிச்சமிருப்பது அறிவினா. தனக்கு விடை தெரிந்திருந்தும், எதிரில் இருப்பவனுக்குத் தெரியுமா என்று சோதிப்பதற்காகக் கேட்பது. உரைகாரர்கள் முதல் பாடநூல்கள் வரை இதற்குச் சொல்லும் உதாரணம் ஒன்றுதான்: ஆசிரியர் மாணவனிடம் கேட்பது.

தினசரி க்விஸ் நூற்றுக்கு நூறு அறிவினா. கேட்ட அந்த நொடியே க்ரூப்பில் ஒருவர் வாத்தியார் ஆகிவிடுகிறார், மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்கள். முதல் பெஞ்சுக்காரன் கையைத் தூக்கிவிட்டான். கடைசி பெஞ்சுக்காரன் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறான். முப்பது வயது தாண்டி, தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயதில், வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும்போது, எதற்கு மறுபடியும் இந்த க்ளாஸ்ரூம்?

நண்பர்களுக்கு நடுவில் ஓடவேண்டியது கொடை வினா. கேட்பவரிடம் ஒன்று இருக்கிறது. அதை உன்னிடம் கொடுக்க ஆசைப்படுகிறார். ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறார். இல்லை என்று நீ சொன்னால் அவருக்குச் சந்தோஷம். கொடுக்கலாமே! ‘தெரியாது’ என்ற பதிலைக் கேட்டு மலர்கிற முகத்தை நினைத்துப் பாருங்கள். உங்கள் க்ரூப்பில் அப்படி ஒரு முகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

‘வினாடி வினா’ என்று தமிழில் பெயர் வைத்தவர் ஓசை நயத்துக்காக வைத்திருப்பார். அழகான பெயர்தான். ஆனால் பெயருக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. பழைய கணக்கில் ஒரு நாழிகைக்கு அறுபது வினாடி. நாழிகை என்பது 24 நிமிஷம். அப்படியென்றால் அந்தக் காலத்து வினாடி ஒன்று இன்றைய 24 செகண்ட். அந்த வினாடிக்குள் நாலைந்து முறை மூச்சு விடலாம், ஒருமுறை தப்பாக யோசித்துத் திருத்திக்கொள்ளலாம். செகண்டுக்கும் அதே சொல்லை வைத்துக்கொண்டபோது மூச்சு விடுகிற இடம் போய்விட்டது.

*

இந்த வாத்தியார்தனம் எங்கிருந்து வந்தது என்பது பெரிய ரகசியமில்லை. என் தலைமுறைக்கு எல்லாக் கேள்விகளும் பூட்டிய கதவாகத்தான் வந்தன. பள்ளியில் ஒரு மார்க் கேள்வி. கேம்பஸ் இன்டர்வியூவில் ஆப்டிட்யூட் டெஸ்ட். வேலை மாறும்போதெல்லாம் டெக்னிக்கல் ரவுண்டு. அரசு வேலை என்றால் டிஎன்பிஎஸ்சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். கேள்விக்கு 54 செகண்ட். பழைய கணக்கில் இரண்டேகால் வினாடி.

அந்தத் தேர்வை நான் குறை சொல்லவில்லை. லட்சக்கணக்கில் விண்ணப்பம், ஆயிரக்கணக்கில் இடம். வடிகட்டாமல் முடியாது. அப்படி வடிகட்டப்பட்டு மேலே நின்றதால் நிமிர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. வடிகட்டுவது அதன் வேலை, அதைச் செய்கிறது. நான் கேட்பது வேறு. பன்னிரண்டு நண்பர்கள் இருக்கும் இடத்தில் யாரை வடிகட்டுகிறோம்? எந்தப் பதவிக்கு ஆள் எடுக்கிறோம்?

இன்னொரு பாரம்பரியமும் இதில் கலந்திருக்கிறது. இந்தியாவில் க்விஸ் என்ற விளையாட்டு 1967-இல் கல்கத்தாவில் நீல் ஓ’பிரையன் நடத்திய போட்டியோடு தொடங்குவதாகச் சொல்வார்கள். பிறகு போர்ன்விட்டா க்விஸ், 1985-இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசுவின் ‘க்விஸ் டைம்’. 1983-இல் பெங்களூரில் கர்நாடகா க்விஸ் அசோசியேஷன். இந்த வட்டங்களில் ஒரு நல்ல சரக்கு உருவாகி வந்தது. ‘ஒர்க்கவுட் பண்ணக்கூடிய கேள்வி’ என்பார்கள். விடை நேரடியாகத் தெரியாவிட்டாலும், கேள்விக்குள் இருக்கும் தடயங்களைப் பிடித்துக்கொண்டு நடந்தால் விடைக்குப் போய்ச் சேரலாம். அரங்கில் யாருக்குமே விடை தெரியாத கேள்வியை ஒரு டீம் கண்ணெதிரில் உடைத்துத் திறப்பதைப் பார்ப்பது பெரிய சுகம்.

ஆனால் அந்த உலகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இயங்கியது. பீட்டில்ஸ், ஆஸ்டெரிக்ஸ், வுட்ஹவுஸ், விம்பிள்டன் எல்லாம் வீட்டுக்குள்ளேயே கிடைத்த பிள்ளைகளுக்குத்தான் அது ‘பொது’ அறிவு. மற்றவர்களுக்கு அது அடுத்த தெரு அறிவு. நம் வாட்ஸப் க்விஸ் என்ன செய்தது? தமிழ்த் தேர்விலிருந்து பாணியை எடுத்துக்கொண்டது: ஒரு வரிக் கேள்வி, ஒரு சொல் விடை. ஆங்கில க்விஸ்ஸிலிருந்து சரக்கை எடுத்துக்கொண்டது. அங்கே இருந்த ஒரே நல்ல விஷயத்தை, அந்த நடந்து போகிற பாதையை, விட்டுவிட்டது.

2000-இல் வட இந்தியாவில் அமிதாப் பச்சனும் இங்கே சன் டிவியில் ‘கோடீஸ்வரன்’ சரத்குமாரும் வந்தது ஞாபகம் இருக்கலாம். 1998-இல் பிரிட்டனில் தொடங்கிய நிகழ்ச்சியின் வாரிசுகள். கோடிக்கணக்கில் பணம் வைத்து ஆடிய அந்த நிகழ்ச்சியின் பிரிட்டிஷ் மூலவடிவத்தில் கடிகாரம் கிடையாது. போட்டியாளர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தாடையைத் தடவிக்கொண்டு யோசிக்கலாம். அதைவிட முக்கியம், அதில் ஒரு லைஃப்லைன் இருந்தது: நண்பருக்கு போன் பண்ணுவது. தெரியாதபோது கூப்பிடுகிற ஆள்தான் நண்பன் என்று ஒரு சூதாட்ட நிகழ்ச்சிக்குக்கூடத் தெரிந்திருந்தது. நம் க்ரூப்பில் தெரியாதவன் என்று யாரிடம் காட்டிக்கொள்ளக் கூடாதோ அவனே நண்பன்.

*

எங்கள் கல்லூரி க்ரூப்பில் ஒருவன் இருக்கிறான். பள்ளிப்பாளையம் பக்கம். வீட்டோடு விசைத்தறி. ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். ஹாஸ்டலில் எது ரிப்பேரானாலும் அவனைத்தான் கூப்பிடுவோம். க்விஸ் ஆரம்பித்து இரண்டு வருஷத்தில் அவன் ஒரு பதிலும் போட்டதில்லை. ஒருமுறை போனில் கேட்டேன். “நமக்கு இதெல்லாம் வராது மச்சி” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

இரண்டு வருஷம் என்றால் எழுநூற்றுச் சொச்சம் கேள்விகள். அத்தனை காலையும் ஒருவன் போனைத் திறந்து, நண்பர்கள் கையால் எழுதப்பட்ட ‘உனக்கு வராது’ என்ற செய்தியைப் படித்துவிட்டு மூடி வைத்திருக்கிறான். ஒன்பது மணி பத்து வினாடிக்கு விடை போடுகிறவனுக்கு அந்த எழுநூறு காலைகளில் என்ன கிடைத்தது? ஏற்கெனவே தெரிந்திருந்தது, தெரியும் என்று மறுபடி தெரிந்தது. ஒருவனுக்கு லாபமில்லை, இன்னொருவனுக்கு நஷ்டம். எந்த வியாபாரி இதற்கு ஒத்துக்கொள்வான்?

வழக்கமாகக் கேள்வி போடுகிறவன் ஊருக்குப் போயிருந்த ஒரு மாதம், ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்தார்கள். தறிக்காரன் முறையும் வந்தது. அவன் போட்ட கேள்வியை அப்படியே தருகிறேன்.

“40-ஆம் நம்பர் நூல், 60-ஆம் நம்பர் நூல், 100-ஆம் நம்பர் நூல்னு விப்பாங்க. நம்பர் ஏற ஏற நூல் மெலிசாகும். அப்ப அந்த நம்பர் எதை எண்ணுது?”

பத்து வினாடியில் பதில் வரவில்லை. பத்து நிமிஷத்தில் ஒரு பதில் வந்தது: “இஞ்சுக்கு எத்தனை இழைங்கிறதுதான். நான் பெட்ஷீட் வாங்கும்போது பாத்திருக்கேன்.” பயங்கரத் தன்னம்பிக்கை. “அது துணியோட கணக்கு. நான் கேக்கிறது தனி நூலோட கணக்கு” என்றான் தறிக்காரன். எலெக்ட்ரிகல் படித்த தோழி ஒருத்தி, ஒயர் கேஜும் இப்படித்தான், நம்பர் ஏறினால் கம்பி மெலியும், அந்தக் காலத்தில் கம்பியை எத்தனை தடவை அச்சுத் துளை வழியாக இழுத்தார்கள் என்பதிலிருந்து வந்த கணக்கு என்றாள். நூலை யாரும் அப்படி இழுப்பதில்லையே என்று இன்னொருவன். உப்புத்தாளும் அப்படித்தான், நம்பர் ஏறினால் நைஸ், சல்லடையில் இஞ்சுக்கு எத்தனை கண் என்ற கணக்கு என்று வீடு கட்டிக்கொண்டிருப்பவன் எழுதினான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒருவன் உடைத்தான்: “நம்பர் ஏறினா மெலியுதுன்னா, ஏதோ ஒரு அளவுக்குள்ள எத்தனை அடங்குதுன்னு எண்றாங்க. எடையா இருக்கணும்.”

எடைதான். 840 கெஜம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நூலின் நம்பர். நாற்பது சிட்டம் நின்றால் நாற்பதாம் நம்பர். நூறாம் நம்பர் நூலில் அரைக் கிலோகூட இல்லாத ஒரு பவுண்டைப் பிரித்து நீட்டினால் 76 கிலோமீட்டருக்கு மேல் போகும். “எங்க வீட்ல கட்டினா சேலம் தாண்டிடும்” என்று எழுதினான். “ஏன் 840?” என்று யாரோ கேட்டார்கள். “அது எனக்கும் தெரியாது மச்சி” என்றான். கொடை வினாவாகத் தொடங்கியது அறியா வினாவாக முடிந்தது. ஒரு கேள்விக்கு இதைவிட நல்ல முடிவு எனக்குத் தெரியவில்லை.

அந்த நாளுக்கு ஸ்கோர் போட முடியவில்லை. யாருக்கு மார்க்? கம்பிக்காரிக்கா, உப்புத்தாள்காரனுக்கா, எடை என்று சொன்னவனுக்கா? தப்பான விடை இல்லாமல் சரியான விடைக்குப் போயிருக்கவே முடியாது.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. 2009-இல் நேட் கார்னெல், மேத்யூ ஹேஸ், ராபர்ட் பியோர்க் மூவரும் சோதித்துக் காட்டியது இது: விடை தெரியாத கேள்விக்கு முயன்று, தோற்று, அதன்பின் சரியான விடையைப் பார்க்கிறவர்களுக்கு, நேரடியாக விடையை மட்டும் படித்தவர்களைவிட அது நன்றாக நினைவில் நிற்கிறது. 2001-இல் பட்டர்ஃபீல்டும் மெட்கால்ஃபும் இன்னொன்றைச் சொன்னார்கள்: தயக்கத்தோடு சொன்ன தப்பைவிட, அடித்துச் சொன்ன தப்பு திருத்தப்பட்டால் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. ஆக அன்றைக்கு அதிகம் சம்பாதித்தது பெட்ஷீட்காரன். அவன் அந்த விடையை மறக்கமாட்டான். தெரியாமல் தோற்றவனுக்கே லாபம் அதிகம் என்பதுதான் மூளையின் கணக்கு. நம் ஸ்கோர் பட்டியல் அதைத் தலைகீழாகப் போடுகிறது.

*

இதைச் சொல்லும்போதெல்லாம் எதிரில் வரும் வாதங்கள் எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் வாதம்: ‘டைம் குடுத்தா எல்லாரும் கூகுள் பண்ணிடுவானுங்க. அதனாலதான் பத்து செகண்ட்.’ மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. பத்து செகண்டில் கூகுள் பண்ண முடியாது, சரி. யோசிக்கவும் முடியாதே! ஏற்கெனவே தெரிந்தவன் மட்டும்தான் பிழைப்பான். அமெரிக்காவில் ‘லேர்ன்டு லீக்’ என்று ஒரு இணைய க்விஸ் பல வருஷமாக நடக்கிறது. அழைப்பின் பேரில்தான் சேரமுடியும். ஆட்ட நாட்களில் நாளுக்கு ஆறு கேள்விகள். யோசித்து விடை அனுப்ப மணிக்கணக்கில் நேரம் உண்டு. தேடிப் பார்க்கமாட்டேன் என்ற வாக்குதான் வேலி. ஆயிரக்கணக்கில் முன்பின் தெரியாதவர்கள் வாக்கை நம்பி விளையாடுகிறார்கள். பதினைந்து வருஷம் பழகிய பன்னிரண்டு பேருக்கு டைமர் தேவைப்படுகிறது என்றால், அங்கே பிரச்சினை கூகுளில் இல்லை. ஸ்கோர் பட்டியலைத் தூக்கிவிடுங்கள், பிறகு யார் எதற்காகத் திருடப்போகிறார்கள்?

‘வேர்டில்’ 2021 கடைசியில் உலகத்தையே பிடித்து ஆட்டியதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்? நாளுக்கு ஒன்று, எல்லோருக்கும் ஒன்றே, சரி. அதன் மஞ்சள் பச்சைக் கட்டங்களைப் பாருங்கள். நண்பருக்கு அனுப்பும்போது அதில் விடை இருக்காது. நீங்கள் எப்படித் தடவித் தடவிப் போனீர்கள் என்பது மட்டும் இருக்கும். மூன்றாவது வரியில் முட்டிக்கொண்டது, ஐந்தாவதில் வழி தெரிந்தது எல்லாம் அப்படியே தெரியும். விடையை மறைத்துத் தடுமாற்றத்தைப் பகிர்கிற விளையாட்டு. நாம் தடுமாற்றத்தை மறைத்து விடையைப் பகிர்கிறோம்.

இரண்டாவது வாதம்: ‘ஏஐ வந்துடுச்சு. இனி எந்தக் கேள்வி கேட்டு என்ன?’ என் பிழைப்பே மென்பொருள் என்பதால் இதை என்னிடம் ரொம்ப ஆர்வமாகக் கேட்கிறார்கள். 2011 பிப்ரவரியில் ஐபிஎம்மின் வாட்சன் ‘ஜெப்பர்டி’ நிகழ்ச்சியில் கென் ஜென்னிங்ஸ், பிராட் ரட்டர் என்ற இரண்டு ஜாம்பவான்களைத் தோற்கடித்தது. தகவலை வேகமாக எடுத்துக் கொடுக்கும் போட்டி அன்றைக்கே முடிந்துவிட்டது. ஆனால் அதே ஆட்டத்தில் ஒரு கேள்வி. தலைப்பு அமெரிக்க நகரங்கள். பெரிய விமான நிலையத்துக்கு இரண்டாம் உலகப்போர் வீரர் ஒருவரின் பெயர், அடுத்த பெரிய விமான நிலையத்துக்கு இரண்டாம் உலகப்போர்ச் சமர் ஒன்றின் பெயர். எந்த ஊர்? மனிதர்கள் இருவரும் சிகாகோ என்றார்கள். ஓ’ஹேர், மிட்வே. வாட்சன் சொன்ன விடை டொரன்டோ. கனடாவில் இருக்கிற ஊர்!

இன்றைய இயந்திரங்கள் அப்படிச் சறுக்காது. எனவே இயந்திரத்தால் முடியாதது என்று எதையும் காட்டி நான் ஆறுதல் தேடப்போவதில்லை. விடை என்பது இன்று குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீர். தண்ணீர் வருகிறது என்பதற்காக நாம் நீச்சலை நிறுத்திவிட்டோமா? விடைக்காக மட்டும் நடந்த க்விஸ் செத்துவிட்டது, அதை எடுத்துப் புதைக்கலாம். பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு விடைக்கு நடந்து போகிற அந்த மத்தியானத்தை எந்த இயந்திரத்திடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வாதம் இலக்கியவாதிகளுடையது. ‘இதெல்லாம் துணுக்கு. அறிவு வேறு, தகவல் வேறு.’ சொல்லிவிட்டு மூக்கை உயர்த்திக்கொள்வார்கள். பாதி சரி. ஆதாரமும் வழியும் இல்லாத தகவல் அநாதைதான். சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும், நம் தேசிய கீதத்தை யுனெஸ்கோ உலகின் சிறந்த கீதமாக அறிவித்தது என்பதையெல்லாம் க்விஸ் விடையாகவே நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் பொய். ஒரு வரித் தகவலுக்குள் அது பொய் என்று கண்டுபிடிக்க ஓட்டையே இருப்பதில்லை. ஃப்ரெட் வொர்த் என்ற அமெரிக்கர் தன் துணுக்குக் களஞ்சியத்தில் வேண்டுமென்றே ஒரு பொய்யைச் செருகி வைத்தார். டிவித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் பிலிப் என்று. ‘ட்ரிவியல் பர்சூட்’ விளையாட்டின் அட்டையில் அதே பிலிப் வந்து நின்றது. 1984-இல் வழக்குப் போட்டார், தோற்றார். தகவல் யாருக்கும் சொந்தமில்லை என்றது நீதிமன்றம். தீர்ப்பு சரி. ஆனால் யாருக்கும் சொந்தமில்லாத அந்தத் தகவலை யாருமே சரிபார்க்கவும் இல்லை, பாருங்கள்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். மூக்கை உயர்த்துகிற அதே ஆட்கள் புத்தக க்ரூப்பில் என்ன கேட்கிறார்கள்? ‘இந்த வரி யாருடையது?’ ‘தமிழின் முதல் நாவல் எது?’ 1879, மாயூரம் வேதநாயகம் பிள்ளை, பிரதாப முதலியார் சரித்திரம். எல்லோருக்கும் தெரியும். நாவலை வாசித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் க்ரூப் அமைதியாகிவிடும். வெள்ளைக்கார நீதிமன்றத்தில் முன்சீப்பாக இருந்த ஒருவர், செய்யுளிலேயே நீதி நூல் எழுதிய ஒருவர், எதற்காகத் திடீரென்று உரைநடையில் ஒரு பெரிய கதையை எழுதினார்? இதைக் கேளுங்கள். நாவலை வாசிக்காதவனும் அரைநாள் யோசிப்பான். ஒருவேளை வாசிக்கவும் செய்வான். அறிவா தகவலா என்பது விஷயத்தில் இல்லை, கேட்கிற விதத்தில் இருக்கிறது.

ட்ரிவியா என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு லத்தீன் சொல் இருக்கிறது. மூன்று சாலைகள் கூடுமிடம் என்று பொருள். நம் முச்சந்தி. முச்சந்தியில் கிடப்பது அற்பம் என்று மேட்டுக்குடி நினைத்தது. எனக்கு முச்சந்தி பிடிக்கும். மூன்று வழியிலிருந்தும் ஆட்கள் வருகிற இடம் அது. நூல் நம்பருக்கு வந்த கம்பிக்காரியும் உப்புத்தாள்காரனும் அப்படி வந்தவர்கள்தான்.

கடைசி வாதம்: ‘விடு மச்சி, வெறும் கேம்தானே.’ வெறும் கேம் என்றால் ஏன் ஸ்ட்ரீக் அறுந்ததற்கு ஒருவன் இரவு பதினொன்றரைக்கு வாய்ஸ் நோட்டில் சண்டை போடுகிறான்? விளையாட்டில் நாம் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறோமோ அதுதான் நட்பு. வேலை, குழந்தை, அப்பாவின் சுகர், வேறு நாடு, வேறு நேரம் என்று சிதறிப்போன பன்னிரண்டு பேருக்கு இன்று மிஞ்சியிருக்கும் ஒரே திண்ணை அந்த க்ரூப். அதில் தினமும் நடக்கிற ஒரே பேச்சு அந்தக் கேள்வி. வெறும் கேம் என்று தள்ளிவிட நமக்கு அவ்வளவு திண்ணைகள் இல்லை.

*

எனவே நான் கேட்பது கொஞ்சம்தான். ஸ்கோர் பட்டியலை இன்றிரவே அழித்துவிடுங்கள். டைமரையும். கேள்வி போடுகிற வேலையை ஒருவரிடமே விடாமல் சுற்றுக்கு விடுங்கள். எல்லோரும் ஏதோ ஒரு தறிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள்தான். ஒருவர் வீட்டில் மெடிக்கல் ஷாப், ஒருவரின் அம்மா ரேஷன் கடையில் வேலை பார்த்தவர், ஒருவரின் தாத்தா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். பொது அறிவில் ‘பொது’ என்பது அந்தப் பன்னிரண்டு வீடுகளையும் கூட்டினால் வருவது. காலையில் கேள்வி, மறுநாள் காலையில் விடை. விடையோடு அது உனக்கு எப்படித் தெரியவந்தது என்ற கதையும் வர வேண்டும். அந்தக் கதை இல்லாத கேள்வியைக் கேட்காதே. விடை ஏற்கெனவே தெரிந்தவர் அன்றைக்கு ஒருநாள் வாயை மூடிக்கொண்டு மற்றவர்கள் நடப்பதைப் பார்க்கட்டும். வேண்டுமென்றால் ஒரு தடயம் கொடுத்து உதவட்டும். தெரிந்தவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது?

இவ்வளவு எழுதிவிட்டு வெறுங்கையோடு போகக்கூடாது. பச்சைத் தண்ணீர். பச்சைக் குழந்தை. பச்சரிசி. பச்சைப் பொய். இந்த நான்கில் எதுவும் பச்சை நிறத்தில் இல்லை. நான்கிலும் இருக்கிற அந்தப் ‘பச்சை’ என்ன? எதற்கு எதிர்ச்சொல் அது?

தேட வேண்டாம். நாளைக் காலை வரை நேரம் இருக்கிறது. சமையலறையில் இருக்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். ‘தெரியலையே’ என்று அவர் சொன்னால், சேர்ந்து யோசியுங்கள்.